வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டர்

நான் ஒரு நண்பரை ஏமாற்றினேன். கணினித் திரையில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை அவருக்குத் தெரியாமல் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு இழுத்து வைத்தேன். பிறகு, ஏன் என்று கேட்டவரிடம் ஒரு பொய்க் காரணத்தைச் சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு பெண்மணிக்குக் கால் போயிற்று. ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அந்த நண்பருடைய பெயரை எழுதும் உரிமை எனக்கு இல்லை. எங்கள் ஊரான கம்பத்தில் அவரைப் பலரும் ராவுத்தர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அது போதும்.

அவரிடம் ஒரு ஜீப் இருந்தது. விடிவதற்கு முன்பே கூலிவேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவார். மீசைக்கு மை பூசுவார், தலைக்குப் பூசமாட்டார். காரணம் கேட்டால், "தலைய எவன் பாக்குறான், எல்லாரும் ரோட்டப் பாத்துட்டு அப்புறம் மூஞ்சியத்தான பாக்குறாக," என்பார். இது விளையாட்டுப் பதில். மற்றபடி காரணம் என்பது அவருக்கு விளையாட்டுச் சமாசாரம் அல்ல.

ஒரு பொருள் கெட்டுப்போனால் எல்லோரும் காரணம் தேடுவார்கள். இவர், கெட்டது தானாகச் சரியானாலும் காரணம் தேடுவார். அது கிடைக்கும்வரை அந்தப் பொருளைத் தொடமாட்டார். பிறரைத் தொடவும் விடமாட்டார்.

ஒருமுறை மெட்டுக்கு மேலே ஒரு கல்யாணத்துக்காக அவருடைய ஜீப்பில் போனேன். பின்னால் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் என் பக்கத்தில், தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. அது அவருடைய இடம், ஏதோ வாத்தியார் வருகிறார் என்பதால் பாதி விட்டுக் கொடுத்திருக்கிறார் என்று பின்னால் இருந்தவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். பாதி மலையில் என்ஜின் இருமியது. அணையப்போவதுபோல் ஒரு நடுக்கம். அடுத்த வளைவுக்குள் தானாகச் சரியாகி ஓடத் தொடங்கியது. ராவுத்தர் வண்டியை ஓரங்கட்டினார். பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். பானட்டைத் திறந்தார்.

"அதான் சரியாப் போச்சுல்ல, எடுங்கண்ணே," என்றார் முன்சீட்டுப் பெண்மணி.

"சரியாப் போனதுக்குக் காரணம் சொல்லு ஆத்தா, எடுக்குறேன்."

"காரணத்தக் கட்டிக்கிட்டு நீங்க குடும்பம் நடத்துங்க. எங்கள அங்கன எறக்கி விட்டுட்டு நடத்துங்க. கங்காணி மூஞ்சிய நீங்களா பாக்கப் போறீக?"

"கங்காணிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீக. அவன் உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தான். எங்களுக்கு வசவு குடுத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ராவுத்தர் காதில் வாங்கவில்லை. டீசல் வடிகட்டியில் தண்ணீர் இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்து, அதை வடித்து, கையைத் துடைத்த பிறகுதான் வண்டியில் ஏறினார். அந்த அம்மாள் தோட்டத்தில் இறங்கும்போதும் திட்டிக்கொண்டேதான் இறங்கினார்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அடுத்தடுத்த தெருக்களில் குடியிருந்தும் எங்களுக்குள் நெருக்கம் வந்தது ஒரு ஹெலிகாப்டரால்தான். ஒரு தேர்தல் சமயத்தில் தலைவர் ஒருவர் தேனிக்கு ஹெலிகாப்டரில் வந்தார். ஊரே தலைவரைப் பார்க்கப் போனது. இவர் ஹெலிகாப்டரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"வாத்தியாரே, நான் சரிவுல ஜீப்ப நிறுத்துறதப் பெருசா நெனச்சுக்கிட்டு இருந்தேன். கீழ ஒண்ணுமே இல்லாம காத்துல நிறுத்துறான். அவன் கையி என்ன கையி! எப்படி நிக்குது அது? சொல்லுங்க."

தாளில் படம் போட்டு விளக்கினேன். அவருக்குப் போதவில்லை. பெங்களூரில் இருக்கும் என் மகன் தன் பழைய கணினியை எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தான். அதில் விமானம் ஓட்டிப் பழகும் ஒரு விளையாட்டு. அதற்குள் ஒரு ஹெலிகாப்டரும் உண்டு. கூடவே கையில் பிடித்து ஓட்ட ஒரு ஜாய்ஸ்டிக். வெள்ளிக்கிழமைகளில் ராவுத்தரின் ஜீப் ஓடாது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவருடைய மச்சினர், அதாவது மனைவியின் தம்பி, குமுளி சாலையில் இருந்த தன் பட்டறையில் ஜீப்புக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பார். ராவுத்தர் என் வீட்டுக்கு வந்துவிடுவார்.

முதல் வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டர் கிளம்பவே இல்லை. பேட்டரிச் சுவிட்சைப் போட்டேன், முள்கள் அசைந்தன. ஸ்டார்ட்டரை அழுத்தினேன், உள்ளே விசில்போல ஒரு சத்தம் எழும்பியது, தலைக்கு மேல் விசிறி சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு சத்தம் இறங்கி எல்லாம் அடங்கிவிட்டது. எரிபொருள் திறந்திருந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதேதான். ஒரே விசையில் எல்லாவற்றையும் தானாகக் கிளப்பும் வசதி இருக்கிறது என்றேன். ராவுத்தர் கூடாது என்றார். நான் சலித்துப்போய்க் கணினியையே அணைத்துத் திரும்பப் போட்டேன். இந்த முறை விசிறி சுற்றி, வேகம் பிடித்து, திரை நடுங்கியது. என் மனைவிகூட அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தாள்.

ராவுத்தர் கை நீட்டிப் பேட்டரியை அணைத்தார்.

"என்ன செஞ்சீக?"

"ஒன்றும் செய்யவில்லை. அணைத்துப் போட்டேன்."

"அப்ப நாளைக்கு வானத்துல நின்னுச்சுன்னா, அங்கன வச்சும் அணைச்சுப் போடுவீகளா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். "கேளுங்கண்ணே, நல்லாக் கேளுங்க. டிவியையும் இவுக தட்டித்தான் சரி பண்றாக."

அன்றைக்கு அவர் பறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைதான் காரணம் கிடைத்தது. ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருந்த, என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லிவர் எங்கே நிற்கிறது என்பது, அதை ஒருமுறை அசைக்கும்வரை கணினிக்குத் தெரியாது. முந்தைய நிலையையே அது நம்பிக்கொண்டிருக்கும். நான் அணைத்துப் போட்டபோது அந்த நினைவு அழிந்திருந்தது. இதைக் கேட்டதும் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் மாணவர்களிடம் கண்டதில்லை. அன்று முதல் கிளப்புவதற்கு முன் லிவரை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை தள்ளிக் காட்டுவார். "இந்தா பாத்துக்க, இங்கன இருக்கேன்," என்று கணினியிடம் சொல்வார்.

கிளப்புவதைவிடக் காற்றில் நிறுத்துவது கடினம். தரையைவிட்டு எழும்பியதும் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். அதைத் திருத்தினால் உடம்பு சாயும். சாய்வைத் திருத்தினால் பின்னால் நழுவும். ஜீப் ஓட்டிய கை பெரிய கை. ஒவ்வொரு திருத்தமும் கூடிப்போய்க் கீழே விழுந்தது. விழுந்ததும் திரை உறைந்து, மறுபடி தொடங்கலாமா என்று கேட்கும். நான் உடனே விசையை அழுத்தப் போவேன். அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார். "இருங்க. நான் என்ன செஞ்சேன்னு சொல்லீறேன்." கண்ணை மூடி, விழுந்த கதையைப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டு வருவார். வால் போனது, அதற்கு முன்னால் இடது கை தூக்கியது, அதற்கு முன்னால் பயந்தது. பயந்த இடம் வந்ததும் கண்ணைத் திறப்பார். மாதக்கணக்கில் விழுந்தார். ஒருநாள் அது நின்றது. மறுநாளும் நின்றது. "திருப்பக் கூடாது வாத்தியாரே, திருப்பணும்னு நெனைக்கணும், அம்புட்டுத்தான்," என்று எனக்கே பாடம் நடத்தினார்.

அந்த விளையாட்டில் எவ்வளவு நிஜம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளத் திரையில் ஒரு கோடும் அதன்மேல் நகரும் ஒரு பொத்தானும் உண்டு. வலது ஓரத்தில் வைத்தால் நிஜ ஹெலிகாப்டரைப் போலக் கொஞ்சமும் இரக்கம் காட்டாது. இடது ஓரத்தில் வைத்தால் கணினியே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும், குழந்தைகூட நிறுத்திவிடும். முதல் நாளிலேயே அதை வலது ஓரத்தில் வைத்துவிட்டேன். அப்படி ஒன்று இருப்பதை அவரிடம் சொல்ல நேரவில்லை.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில், மழைக்காலத்துக்கு முன், என் மனைவி கொடுத்த டீ அவர் கையில் தட்டோடு சேர்ந்து கிடுகிடுத்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு வலது கையை ஒரு அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கையி தானாப் பேசுது வாத்தியாரே. ஒரு மாசமா."

தேனியில் டாக்டரைப் பார்த்திருந்தார். மாத்திரை கொடுத்து, வயது ஆகிறது, மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். "வயசுன்னு ஒரு காரணமா? எல்லாருக்குந்தான் வயசாகுது. கொறைச்சுக்கங்கன்னா, பாதி மலை மட்டும் ஓட்டவா?" என்று சத்தம் போட்டார். பிறகு குரல் இறங்கியது. "வண்டில பத்துப் பன்னெண்டு உசிரு உக்காந்திருக்கு. ஓட்டலாமா கூடாதான்னு எனக்குத் தெரியணும். ரோட்டுல வச்சுத் தெரிஞ்சுக்க முடியாது. விழுந்தா அடிபடாத எடம் இது ஒண்ணுதான்."

அவரே ஒரு சோதனையை வகுத்தார். சூடான டீயைப் பக்கத்தில் வைக்கவேண்டும். அது குடிக்கிற பதத்துக்கு ஆறும்வரை ஹெலிகாப்டர், திரையில் தெரியும் இறங்குதள வட்டத்துக்கு மேல் நிற்கவேண்டும். மாத்திரை சாப்பிட்டுச் சில வாரம் பார்ப்பது. நோன்பு பிறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடைசி. அன்றும் நிற்காவிட்டால் சாவியை மச்சினரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவது. இது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

வாராவாரம் விழுந்தது. அதற்கு முன்பு நிறுத்திக் காட்டிய அதே கைதான். ஆனால் இப்போது அந்தச் சிறு நடுக்கம் ஜாய்ஸ்டிக்கில் இறங்கி, ஹெலிகாப்டர் காய்ச்சல் கண்ட ஆடுபோல உதறியது. டீயிலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கும்போதே விழுந்துவிடும். அவர் கண்ணை மூடிக் காரணம் சொல்லத் தொடங்குவார். ஒவ்வொரு முறையும் கதை தொடக்கத்திலேயே முடிந்துவிடும். "கையி," என்பார்.

கடைசி வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து உட்காருகிறேன் என்று பள்ளிவாசலுக்குப் போனார். வாசலில் செருப்பை மாட்ட அவர் பட்ட பாட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கணினிக்குத் திரும்பி, அந்தக் கோடு இருக்கும் பக்கத்தைத் திறந்து, பொத்தானை இடது ஓரத்துக்கு இழுத்தேன்.

ஏன் செய்தேன் என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை வேறு. அவருடைய சோதனையை நான் ஒரு சோதனையாகவே மதிக்கவில்லை. ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் தன்னைத்தானே வதைத்துக்கொள்கிறார், ஒரு நாளாவது சந்தோஷமாகப் போகட்டும் என்று நினைத்தேன். விடையை முதலில் வைத்துக்கொண்டு அளவுகளை எழுதிய மாணவர்களின் ஆய்வக ரெக்கார்டுகளை முகத்தில் எறிந்தவன் நான்.

அவர் வந்தார். லிவரை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். கிளப்பினார். எழும்பியது. நின்றது. ஆணி அடித்ததுபோல நின்றது. என் மனைவி முந்தானையைப் பற்றியபடி நின்றிருந்தாள். டீயில் ஆடை படர்ந்தது. அவள், "அண்ணே, ஆறிப்போச்சு, குடிங்க!" என்று கூவினாள்.

அவர் டீயை எடுக்கவில்லை. ஹெலிகாப்டரை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் நின்னுச்சு?"

நான் சிரித்தேன். "நின்றுவிட்டதே, அப்புறம் என்ன?"

"போன வாரம் நிக்கலை. அதே மாத்திரை. அதே கையி. இன்னைக்கு ஏன் நின்னுச்சு? சொல்லுங்க வாத்தியாரே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சிரித்திருக்கலாம். அவர் பார்த்த பார்வையில் எனக்குத் தைரியம் போய்விட்டது. அதனால் ஒரு காரணத்தைச் செய்துகொடுத்தேன். நல்ல காரணம், இயற்பியல் படித்தவன் செய்த காரணம். ஜாய்ஸ்டிக்குக்குள் தூசி படிந்திருந்தது, தூசி இருந்தால் கை அசையாவிட்டாலும் அசைந்ததாகத் தப்பான செய்தி போகும், நீங்கள் தொழப் போனபோது கழற்றிச் சுத்தம் செய்தேன் என்றேன். இத்தனை வாரமும் உதறியது கருவி.

"அப்ப கையி இல்ல?"

"கை இல்லை," என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய நடுக்கம் என் முழங்கைவரை வந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், மெட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஓடைப் பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. பின்னால் இருந்தவர்கள் காயங்களோடு தப்பினார்கள். ராவுத்தருக்குத் தோள் எலும்பு முறிந்தது. முன்சீட்டுப் பெண்மணியின் கால் வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "வண்டிய யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க," என்பதுதான். எழுந்து நடமாட முடிந்ததும், ஒற்றைக் கையோடு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. கவிழ்ந்த வேகத்தில் தளர்ந்திருக்கலாம் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. காரணம் கை இல்லை என்று அவருக்குத் தெரியும், நான்தானே சொன்னேன். கை இல்லையென்றால் வண்டி. வண்டியென்றால் அதில் வேலை பார்த்தவர்.

மச்சினரின் பட்டறைக்கு அவரோடு நானும் போயிருந்தேன். போகாமலிருக்க ஒரு சாக்குக் கிடைக்கவில்லை.

"அந்த நட்ட முறுக்குனியா இல்லையா?"

"அல்லா மேல ஆணையா முறுக்குனேன் மச்சான். நெனச்சுப் பாருங்க, ரெண்டு மூணு மாசமாவே உங்க கையி..."

"ஏலே, கையப் பத்திப் பேசாத! கையச் சோதிச்சுப் பாத்தாச்சு. வாத்தியார் சாட்சி. கேட்டுப் பாரு அவரு கிட்ட."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மச்சினர் கையில் எண்ணெய்த் துணி இருந்தது. அவர் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. படித்தவர் ஒருவர் நியாயத்தைச் சொல்லிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

முதலில் செய்தது ஏமாற்று. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மச்சினர் பட்டறையைக் காலி செய்துகொண்டு குமுளிக்குப் போனார். அவருடைய மகள் கல்யாணத்துக்கு ராவுத்தரும் போகவில்லை, மனைவியையும் போகவிடவில்லை. ராவுத்தரின் மனைவி, தம்பி வீட்டுக் கல்யாணத்தன்று எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியோடு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ராவுத்தர் ஜீப்பை விற்றுவிட்டார். தோள் முன்போல வளையவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். நானும் பொத்தானை இடது ஓரத்திலேயே வைத்திருந்தேன். அவர் பறப்பார், நிறுத்துவார், போய்விடுவார். வருடங்கள் ஓடின. நடுக்கம் கழுத்துக்கு ஏறியது. சட்டைப் பொத்தானைப் போட முடியாத கைக்கு ஹெலிகாப்டர் மட்டும் அசையாமல் நின்றது. எந்த வெள்ளிக்கிழமை அவர் கேட்கப்போகிறார் என்று வியாழக்கிழமையே எனக்குப் பயம் தொடங்கிவிடும். ஒருநாள் திரையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். என்னை நம்பியதால்தான் கேட்கவில்லை.

கேட்டது என் மனைவி. "டம்ளரைப் பிடிக்க முடியலை அந்த அண்ணனால. இது மட்டும் எப்படி நிக்குது?" அவளிடம் சொன்னேன். "வர்ற வெள்ளிக்கிழமை நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?" என்றாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில், அவர் உட்காருவதற்கு முன்பே, அந்தக் கோடு இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். எது எந்தப் பக்கம் என்று சொன்னேன். பொத்தானை வலது ஓரத்துக்குத் தள்ளினேன். அவர் உட்கார்ந்தார். கிளப்பினார். எழும்பியதுமே விழுந்தது. அவரே பொத்தானை இடது பக்கம் தள்ளினார். நின்றது. மறுபடி வலது. விழுந்தது. திரும்பத் திரும்பச் செய்தார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தெருவில் ஒரு மாவு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"தூசி?"

"தூசி இல்லை."

"பட்டறையில தலைய ஆட்டுனீகளே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

எழுந்து நின்றார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் குமுளிக்கு வருகிறேன், மச்சினரிடம் என் வாயால் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம். நீங்க வந்தா நான் உங்க மேல பழியப் போட்டுட்டுத் தப்பிச்சுருவேன். என் கையி ஆடுனது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டேதான உங்க கிட்டக் கேட்டேன். வேணும்ங்கிற பதில நீங்க குடுத்தீக, வாங்கிக்கிட்டேன்."

தனியாகப் பஸ்ஸில் போனார். சில நாள் கழித்து, அவர் தடுத்ததையும் மீறி நானும் போனேன். மச்சினர் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து நான் சொன்னதைக் கேட்டார். ராவுத்தர் அன்று வந்து வாசலில் நின்று, "தப்பு ஓன் மேல இல்ல, என் கையிதான்," என்று மட்டும் சொன்னாராம். "மச்சான் உங்க பேரையே எடுக்கலை சார். அவரு சொல்லாதத நீங்க எதுக்குச் சொல்றீக? போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்ப லாரிக்கு அடியில் போய்விட்டார். அடுத்த பெருநாளுக்கு அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ராவுத்தர் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் பார்த்தால் நிற்பார். "நல்லாருக்கீகளா சார்?" என்பார். வாத்தியாரே என்று கூப்பிடவில்லை. அடுத்த வருடம் காலமானார். மையத்து அடக்கத்துக்குப் போனேன், ஓரமாக நின்றுவிட்டு வந்தேன்.

அதற்கு முன்பு, அவர் இருக்கும்போதே, முன்சீட்டுப் பெண்மணியின் வீட்டுக்கும் போயிருந்தேன். செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஹெலிகாப்டர், கோடு, பொத்தான், தூசி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே உரித்தார்.

"அவரு கையி ஆடுனது எங்களுக்குத் தெரியாதாக்கும்? பக்கத்துலதான உக்காந்திருந்தேன். கியரு போடயில வெரலு தந்தியடிக்கும். பின்னால இருந்தவளுக எல்லாத்துக்கும் தெரியும்."

"தெரிந்துமா ஏறினீர்கள்?"

"பின்ன? இருமுனதுக்கே வண்டிய நிறுத்துற மனுசன். சரியில்லைன்னா அவரே எடுக்க மாட்டாரேன்னு ஏறுனோம்." பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார். "இத அவருகிட்டப் போயிச் சொல்லிப்புடாதீக சார். நம்மள நம்பித்தான ஏறுனாளுகன்னு அந்த மனுசன் ஒடஞ்சுபோவாரு."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ராவுத்தர் இருந்தவரை காப்பாற்றினேன். மறுபடியும் அவரிடம் ஒன்றை மறைத்தேன். இந்தத் தடவை சரியாகச் செய்தேனா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம், இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்க அந்த அம்மாளிடம் மறுபடி போனேன். இப்போது அவருக்கும் வயதாகிவிட்டது.

"அவருதான் இல்லையே, எழுதிக்கங்க. ஆனா ராவுத்தரண்ணன் என் கால எடுத்துட்டாகன்னு எழுதிப்புடாதீக."

"வேறு எப்படி எழுதுவது?"

"மழை பேஞ்சுச்சு, வண்டி கவுந்துச்சுன்னு எழுதுங்க. அம்புட்டுத்தான்."

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மழை பெய்தது, வண்டி கவிழ்ந்தது. அதில் ராவுத்தர் இல்லை. நானும் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.